அத்தியாயம் 6: தனியாகப் போகிறவரின் கூடாரம்

இமயமலைக்குக் குழுவாக ட்ரெக்கிங் போகிறவர்களுக்குக் கூடாரக் கவலை கிடையாது. அது கோவேறு கழுதை முதுகில் வரும். நீங்கள் முகாமுக்கு வந்து சேரும் முன்பே யாரோ அடித்து நிறுத்தியிருப்பார்கள். நள்ளிரவுக் காற்றில் முளை பிடுங்கிக்கொண்டாலும் அடிக்க ஆள் உண்டு. இந்த அத்தியாயம் பையைத் தானே சுமந்து, தானே சமைத்து, தானே கூடாரம் அடித்துக்கொள்ளும் ஒருவருக்காக எழுதியது. லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கு, ஸ்பிட்டி, இமாசலத்தின் ஹம்ப்டா கணவாய், நேபாளத்தின் மஸ்டாங் போன்ற பகுதிகளை மனத்தில் வைத்திருக்கிறேன். காற்று, மழை, பனி, புழுதி எதுவும் சொல்லிக்கொண்டு வராத இடங்கள் இவை.

ஒற்றையாள் டென்ட் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் பார்ப்பது எடை. அடுத்தது விலை. அதை எப்படி நிறுத்துவது என்பதை, பெரும்பாலும் வாங்கிய பிறகு, யூடியூபில் பார்த்துக்கொள்கிறார். என் வரிசை இதற்குத் தலைகீழ். மாலை நாலரை மணி, 4,200 மீட்டர் உயரம், ஆலங்கட்டி அடிக்கிறது, விரல் மரத்துப்போயிருக்கிறது, துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் இல்லை. அந்த நேரத்தில் இதை நான் ஒருவனாக, கையுறையைக் கழற்றாமல், பத்து நிமிடத்துக்குள் நிறுத்த முடியுமா? முடியும் என்று தெரிந்த பிறகுதான் எத்தனை கிராம் என்று கேட்பேன்.

நல்ல பருவத்தில்தானே போகிறோம், இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். அக்டோபர் மாதம் இமயமலையில் வானம் தெளிந்திருக்கும் என்பது பொதுவாக உண்மைதான். 2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, 14-ம் தேதி நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தொராங் லா கணவாயிலும் அதைச் சுற்றியும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ட்ரெக்கிங் பருவத்தின் நட்ட நடுவில் நடந்தது இது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் சென்னைவாசி மட்டுமல்ல, நேபாளத்துக்கோ சிக்கிமுக்கோ டிக்கெட் எடுத்து வைத்திருப்பவரும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

காற்று

மழையைவிடக் கூடாரத்தைக் கெடுப்பது காற்றுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது துணியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. சமவெளிக் கணக்கில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் துணியை ஏறக்குறைய 4 கிலோ எடைக்கு நிகராகத் தள்ளும். 60 கிலோமீட்டரில் அதுவே 17 கிலோ. 90-ல் 39 கிலோ. ஒற்றையாள் கூடாரத்தின் பக்கவாட்டுப் பரப்பே ஒன்றரை சதுர மீட்டர் அளவுக்கு வரும். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம்தான். ஆகவே அதே வேகத்துக்கு விசை குறையும். ஆனால் மேலே போகப் போக வேகம் கூடிவிடுவதால் இந்தச் சலுகையை நம்பி யாரும் மெல்லிய டென்ட் வாங்க வேண்டாம்.

உயரம் குறைந்த, ஒடுங்கிய முனையைக் காற்றுக்குக் காட்டி அடிப்பது எல்லாரும் சொல்லும் வழி. சரியான வழியும்கூட, காற்று ஒரே திசையில் வீசுகிறவரை. இமயப் பள்ளத்தாக்குகளில் பகலில் வெயில் ஏறியதும் காற்று பள்ளத்தாக்கின் மேல்நோக்கி ஓடும். இரவில் குளிர்ந்து கனத்த காற்று மேலிருந்து கீழே இறங்கும். மாலையில் நீங்கள் கணக்குப் பார்த்து முதுகு காட்டி அடித்த கூடாரத்தின் வாசலில் அதிகாலை மூன்று மணிக்கு அதே காற்று வந்து நிற்கும். மஸ்டாங்கின் காளி கண்டகி பள்ளத்தாக்கில் முற்பகல் முடியும் முன்பே காற்று எழும்பிவிடும். அதனால்தான் ஜோம்சோம் விமானங்கள் காலையிலேயே பறந்து முடித்துக்கொள்கின்றன. இப்படிப்பட்ட இடங்களுக்கு, ஒரு பக்கம் மட்டும் பலமாக இருக்கும் வடிவத்தைவிட நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தாங்கும் வடிவமே நல்லது. வாங்கும்போது டென்டின் மிக பலவீனமான பக்கம் எது என்று பாருங்கள். தட்டையாக, கயிறு கட்ட வளையம் ஒன்றுகூட இல்லாமல் பெரிதாக விரிந்திருக்கும் பக்கம் எதுவோ அதுதான்.

மூன்று வடிவங்கள்

ஒற்றையாள் கூடாரங்களை நிறுத்தும் விதத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, குறுக்கே வெட்டிக்கொள்ளும் கம்புகளில் நிற்கும் குவிமாடம். கடையில் வாங்கும்போது இதைத் தானாக நிற்கும் டென்ட் என்று சொல்லி விற்பார்கள். தரையில் ஒரு முளைகூட அடிக்காமல் நிற்கும் என்பது நிஜம். அதே காரணத்தால், உள்ளே ஆளோ பையோ இல்லாதபோது பட்டமாகப் பறப்பதும் இதுதான். இதற்கும் முளை அடித்தே ஆக வேண்டும். இதன் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது: முளை ஏறாத பாறைத் தரையிலும் பனியிலும் வடிவம் கலையாமல் நிற்கும், மேலே பனி விழுந்து சேர்ந்தால் தாங்கும். கம்பின் எடையால் ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டுக்கு மேலும் போகும். கம்பின் விட்டத்தைக் கவனியுங்கள். எடையைக் குறைப்பதற்காக 7.5 மில்லிமீட்டர் போட்டிருப்பார்கள். கடும் காற்றுக்கு 9 இருந்தால் நிம்மதி. கார்பன் கம்பு வேண்டாம். அலுமினியம் வளைந்து எச்சரிக்கும், கார்பன் அப்படியே பிளக்கும்.

இரண்டாவது, நடுவில் ஒரே ஒரு வளைவு, இரு முனையிலும் முளை. ஸ்வீடனின் ஹில்லெபெர்க் நிறுவனம் 1995 முதல் விற்றுவரும் ஆக்டோ இந்த இனத்தின் மூத்த பிள்ளை. சுமார் 1.7 கிலோ. இன்றைய கணக்கில் அது லேசான டென்ட் இல்லை. ஆனாலும் ஸ்காட்லாந்து, நார்வே மலைகளில் நடப்பவர்கள் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், உள்ளறையும் மேல்விரிப்பும் ஒன்றோடொன்று கோத்தபடியே எழும்பும் என்பது. அடிக்கும் மழையிலும் உள்ளறை நனையாது. இதன் குறை பனி. ஒரே வளைவின் இரு பக்கமும் துணி சரிவாக விரிந்திருப்பதால் ஈரப்பனி கனத்து உட்காரும். இரவில் எழுந்து உள்ளிருந்து தட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, கம்பே இல்லாமல், கையிலிருக்கும் ட்ரெக்கிங் ஸ்டிக்கை நட்டு நிறுத்துவது. எப்படியும் ஸ்டிக்கை எடுத்துப் போகிறோம், தனியாகக் கம்பு எதற்கு என்பது இதன் நியாயம். கனடாவின் டர்ஸ்டன் நிறுவனத்து எக்ஸ்-மிட் ஒற்றையாள் டென்ட் இரண்டு ஸ்டிக்கில் நிற்கும், இரட்டைச் சுவர் (உள்ளறை வேறு, மேல்விரிப்பு வேறு), பாலியெஸ்டர் துணி, ஒரு கிலோவுக்குள் முடியும். அமெரிக்காவின் ஜிபேக்ஸ் தயாரிக்கும் ஒற்றைச் சுவர் டென்ட் ஒரே ஸ்டிக்கில், அரைக் கிலோவுக்குள். இந்த எண்களைப் பார்த்தவுடன் கை பரபரக்கும். பொறுங்கள். இந்த இனம் முழுக்க முழுக்க முளையை நம்பி நிற்பது. மூலை முளை ஒன்று பிடுங்கினால் மொத்தமும் முகத்தில் விழும். இன்னொன்றும் உண்டு: முகாமில் கூடாரத்தை விட்டுவிட்டுப் பக்கத்துச் சிகரத்துக்கோ ஏரிக்கோ போய்வர நினைத்தால், ஸ்டிக்கை உருவிக்கொண்டு போக முடியாது. ஸ்டிக் உடைந்தால் நடைத்துணையும் போச்சு, வீடும் போச்சு.

என் பரிந்துரை கேட்டால்: புல்தரையிலும் ஆற்றோர மண்ணிலும் தங்கிப் போகும் பாதைகளுக்கு, இரண்டு ஸ்டிக்கில் நிற்கும், சுவர் செங்குத்தாகச் சரியும், நான்கு மூலை முளையில் வடிவம் வந்துவிடும் இரட்டைச் சுவர் டென்ட். நான்கு முளையை அடித்துவிட்டு உள்ளே நுழைந்து ஸ்டிக்கை நட்டால் முடிந்தது, ஒரு ஆளின் கைக்கு அடங்கும் வேலை. பனிக்கட்டியாற்றின் ஓரத்துக் கற்குவியலிலோ பனியிலோ இரவு தங்க வேண்டிய பாதைகளுக்கு, அரைக் கிலோ கூடுதலானாலும், குறுக்குக் கம்பு வைத்த குவிமாடம். ஒற்றைச் சுவரை, மழையும் காற்றும் ஏற்கெனவே நன்றாகப் பழகியவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

எந்த வடிவமானாலும் மேல்விரிப்பு முதலில் எழும்புமா, உள்ளறை முதலில் எழும்புமா என்பதைக் கேட்காமல் வாங்காதீர்கள். விலை குறைந்த டென்ட்களில் பலவும் உள்ளறை முதலில் எழும்பும் ரகம். வெயிலில் அது வசதி. மழையில், வலைத்துணி உள்ளறையை விரித்து நிறுத்தி மேல்விரிப்பைப் போர்த்தி முடிப்பதற்குள் தரையில் தண்ணீர் தேங்கியிருக்கும்.

துணி

ஈரோடு, திருப்பூர், சோமனூர் பக்கத்து வாசகர்களுக்கு டெனியர் என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். லேசான டென்ட்களின் மேல்விரிப்பு 10-லிருந்து 30 டெனியர் வரை இருக்கும். கடும் வானிலைக்கு 20-க்குக் கீழே போகாதீர்கள். உயரே போகப் போகப் புற ஊதாக் கதிரின் தாக்கம் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடிக்கொண்டே போகும். 10 டெனியர் நைலான் அந்த வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும். நாள் முழுக்க ஓய்வெடுக்கும் முகாமில் பகலில் மேல்விரிப்பைக் கழற்றி வைப்பது துணியின் ஆயுளைக் கூட்டும்.

நைலானா பாலியெஸ்டரா என்றால், ஒரே டெனியரில் நைலான்தான் கிழிசலுக்குப் பலம். ஆனால் நைலான் தண்ணீர் குடிக்கும், குடித்தால் நீளும். மாலையில் விண்ணென்று இழுத்துக் கட்டியது மழை தொடங்கிய அரை மணியில் தொளதொளவென்று தொங்கும். தொங்கிய துணி காற்றில் படபடக்கும், உள்ளறையில் ஒட்டும், ஈரத்தை உள்ளே இறக்கும். ஆகவே நைலான் டென்ட்காரர் மழை தொடங்கிய பிறகு ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை வெளியே தலையை நீட்டிக் கயிறுகளை இறுக்க வேண்டும். ஸ்டிக் டென்டில் உள்ளிருந்தபடியே ஸ்டிக்கை ஓர் அங்குலம் உயர்த்தினாலே போதும். பாலியெஸ்டர் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தராது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். தனியாகப் போகிறவருக்கு என் ஓட்டு பாலியெஸ்டருக்கு.

டைனீமா கலவைத் துணி என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. மிக மெல்லிய பாலியெஸ்டர் படலங்களுக்கு நடுவே உறுதியான பாலிஎத்திலீன் இழைகளை வைத்து ஒட்டியது. பந்தயப் பாய்மரப் படகுகளின் பாய்க்காக உருவாகி மலைக்கு வந்தது. தண்ணீர் குடிக்காது, நீளாது, எடை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. உரசலும் கூரான கல்லும் அதற்கு ஆகாது. சுருட்டித் திணித்துத் திணித்தே ஊசித் துளைகள் விழும். இந்தியாவுக்கு வரவழைத்தால் அரை லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணத்துக்கு நல்ல பாலியெஸ்டர் டென்டும், குளிர் தாங்கும் நல்ல ஸ்லீப்பிங் பேக்கும் சேர்த்தே வாங்கிவிடலாம்.

அடுத்து, நீர் தாங்கும் அளவு. 1,500, 3,000, 5,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரை மேலே நிறுத்தினாலும் துணி கசியாது என்று அர்த்தம். மேல்விரிப்பில் விழும் மழைத்துளிக்கு 1,500 தாராளம். அதற்கு மேலுள்ள எண், துணி பழசாகும்போது கைகொடுக்கும் இருப்பு. தரைத்துணி விஷயம் வேறு. 60 கிலோ ஆள் முட்டி போட்டால் இரண்டு முட்டியும் தரையைத் தொடும் பரப்பு உத்தேசமாக நூறு சதுர சென்டிமீட்டர். அதன் அழுத்தம் 6 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம், அதாவது 6,000 மில்லிமீட்டர். 3,000 போட்ட தரை ஏன் முட்டி வைத்த இடத்தில் மட்டும் ஈரம் காட்டுகிறது என்பது இப்போது புரியும். மெத்தை விரித்துப் படுத்தால் அழுத்தம் பரவிவிடும். கீழே ஒரு மெல்லிய பாலித்தீன் விரிப்பு போடுவது நல்லது, ஆனால் அதன் ஓரம் மேல்விரிப்புக்கு வெளியே ஒரு விரற்கடைகூட நீட்டக் கூடாது. நீட்டினால் மழைநீரை வாங்கி நேராக உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

தையல் வழியே கசிவதுதான் அதிகம். பாலியூரிதேன் பூசிய துணியில் தையலின் மேல் டேப் ஒட்டியிருப்பார்கள். இரு பக்கமும் சிலிக்கான் பூசிய துணியில் எந்த டேப்பும் ஒட்டாது, வாங்கியவரே தையலைப் பூசி அடைக்க வேண்டியிருக்கும். சிலிக்கான் துணிக்குச் சிலிக்கான் பசைதான் பிடிக்கும், பாலியூரிதேனுக்கு அதற்கான பசை. மாற்றிப் பூசினால் காய்ந்ததும் உரிந்து வரும்.

உள்ளிருந்து வரும் ஈரம்

புது டென்ட் ஒழுகுகிறது என்று சண்டைக்கு வரும் பலருக்கு ஒழுகியது மழையல்ல, அவர்களுடைய மூச்சு. தூங்கும் ஒருவரின் மூச்சும் தோலும் ஓர் இரவில் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீரை ஆவியாக விடுகின்றன. வானம் தெளிந்த இரவில் கூடாரத்தின் கூரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். ஆவி அங்கே போய்த் துளியாகப் படியும். உறைநிலைக்குக் கீழே போனால் வெண்பனிப் பொடியாகப் படிந்து, காலையில் நீங்கள் ஜிப்பை இழுக்கும் அதிர்வில் கழுத்தில் கொட்டும்.

இதை முழுக்கத் தடுக்கும் கூடாரம் கிடையாது. குறைக்கலாம். ஆற்றங்கரையை விட்டுக் கொஞ்சம் மேலேறி அடித்தால் போதும், வித்தியாசம் தெரியும். குளிர்காற்றும் ஈரமும் பள்ளத்தில்தான் தேங்கும். மேல்விரிப்பின் உச்சியில் காற்றுத் துளை இருக்க வேண்டும், மழையிலும் திறந்து வைக்கும்படி அதற்குக் குடை போன்ற விளிம்பு இருக்க வேண்டும். கீழ் ஓரத்தில் மட்டும் இடைவெளி விட்ட டென்ட் பனிப்பொழிவில் ஆபத்து: பனி குவிந்து ஓரத்தை அடைத்துவிட்டால் உள்ளே காற்றே வராது. அப்படிக் கொட்டும் இரவில் அலாரம் வைத்து எழுந்து ஓரத்தைத் தோண்டிவிட வேண்டியது தூக்கத்தைவிட முக்கியம்.

உள்ளறை முழுக்க வலைத்துணியா, பாதிக்கு மேல் கெட்டித் துணியா என்பது இந்தியாவில் பெரிய கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அட்டைக்கும் கொசுவுக்கும் வலை போதும், காற்றோட்டமும் கிடைக்கும். லடாக்கிலும் ஸ்பிட்டியிலும் வலை உள்ளறை எடுத்துப் போனால் மதியக் காற்றில் மேல்விரிப்புக்கு அடியில் நுழையும் புழுதி சலித்த மாவாக ஸ்லீப்பிங் பேக்கின் மேல் படியும். மூக்கும் பல்லும் நறநறக்கும். பனிக்காற்றிலும் இதே கதை. குளிர்ப் பாலைவனத்துக்குக் கெட்டித் துணி உள்ளறை, கிடைக்காவிட்டால் முழங்கை உயரம் வரையாவது கெட்டித் துணி.

வாசலுக்கும் உள்ளறைக்கும் நடுவே மேல்விரிப்பு தரும் மறைவிடம் ஈரக் காலணிக்கும் பைக்கும் உதவும். அங்கே அடுப்புப் பற்றவைப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: மூடிய நிலையில் கூடாது. தீ ஒரு பக்கம் இருக்கட்டும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலியாகத்தான் தெரியும். அதை உயர மலைத் தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவீர்கள்.

முளையும் கல்லும்

டென்டோடு வரும் முளைகளைப் பெரும்பாலும் எடையைக் குறைத்துக் காட்டவே வைத்திருப்பார்கள். ஆறு கிராம் டைட்டானியக் கொக்கி முளை இறுகிய மண்ணில் அழகாக இறங்கும், மழையில் மண் இளகியதும் அழகாகவே வெளியே வரும். மூலைகள் நான்குக்கும் காற்று வரும் பக்கத்துக்கும் மூன்று விளிம்புள்ள, ஒய் வடிவக் குறுக்குவெட்டு அலுமினிய முளை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு முளைக்கு நூறு கிராமுக்குச் சற்று குறையவோ கூடவோ வரும். இந்த அத்தியாயத்திலேயே மிக உருப்படியான நூறு கிராம் அதுதான்.

இமயத்தில் பாதி இடங்களில் முளை நாலு விரல் இறங்கியதும் கல்லில் முட்டும். அப்போது கல்லையே முளையாக்க வேண்டும். பெரிய கல்லில் கயிற்றைச் சுற்றிக் கட்டுவது பொதுவாகச் செய்வது, கல்லின் கூர் ஓரம் இரவோடு இரவாகக் கயிற்றை அறுத்துவிடும். அதைவிடச் சுலபமான வழி: கயிற்று முனையில் நீளமான வளையம் போட்டு, அதில் தேங்காய் அளவு கல்லைக் குறுக்கே மாட்டுங்கள். அந்தச் சின்னக் கல்லுக்கும் கூடாரத்துக்கும் இடையே, கயிற்றின் மேல் பெரிய பாறையை வையுங்கள். கயிறு இழுக்க இழுக்கச் சின்னக் கல் போய்ப் பெரிய கல்லில் முட்டிக்கொண்டு நிற்கும். இதற்காகவே ஒவ்வொரு மூலைக்கும் ஒன்றரை மீட்டர் கயிறு கூடுதலாக வெட்டி வைத்திருங்கள், இரண்டு மில்லிமீட்டர் தடிமன் போதும். காலையில் கிளம்பும்போது கற்களைப் பழைய இடத்தில் போட்டுவிட வேண்டியதும் உங்கள் வேலைதான்.

இறுக்குவதற்கு டென்டோடு வரும் பிளாஸ்டிக் இறுக்கி உறைபனியில் வழுக்கும், கையுறையில் அகப்படாது. லாரியில் லோடு கட்டுபவர்கள் கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, முனையை அதன் வழியே இழுத்து இறுக்கி, ஒரு சுருக்கில் முடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த முடிச்சு ஒன்று போதும். பக்கத்து லாரி ஷெட்டில் யாரையாவது கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள்.

நீளமும் எடையும்

உங்கள் உயரத்தோடு குறைந்தது 35 சென்டிமீட்டர் சேர்த்த நீளம் உள்ளே வேண்டும். விளம்பரத்தில் 215 என்று இருப்பது தரையின் நீளம். மெத்தையின் மேல் ஸ்லீப்பிங் பேக், அதற்குள் நீங்கள் என்று படுத்தால் கால் விரல் இருக்கும் உயரத்தில் சுவர் சரிந்து வந்து நீளம் குறைந்திருக்கும். கால் பட்ட இடத்தில் ஸ்லீப்பிங் பேக் நனையும். இறகு நிரப்பிய பேக்காக இருந்தால் அன்றைய குளிருக்கு அது பயன்படாது. கடையில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்துப் பாருங்கள், கடைக்காரர் என்ன நினைத்தாலும் சரி.

எடையில் இரண்டு எண் உண்டு. துணியும் கம்பும் மட்டும் சேர்த்த குறைந்தபட்ச எடையைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். முளை, கயிறு, பை எல்லாம் சேர்ந்த எடை சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டையும் நம்பாமல் வீட்டில் நிறுத்துப் பாருங்கள். என் வரம்பு, முளை, கயிறு, பழுதுபார்க்கும் சாமான் எல்லாம் சேர்த்து, ஸ்டிக் டென்டுக்கு ஒன்றேகால் கிலோ, குவிமாடத்துக்கு இரண்டு. அதற்குக் கீழே போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் பையில் இருக்கும் பவர் பேங்கையும் மாற்றுத் துணியையும் எண்ணிப் பார்க்கலாம்.

பழுதுபார்க்கும் சாமான் என்றால் துணி ஒட்டும் டேப், ஊசி, நூல், கம்பு உடைந்தால் மேலே மாட்டும் ஒரு விரல் நீளக் குழாய். கம்பை எப்போதும் தள்ளிச் செருகுங்கள். இழுத்தால் இணைப்பு பிரிந்து, பாதிப் பொருத்தத்தில் வளையும்போது உடையும். காலையில் இணைப்புகள் உறைந்து ஒட்டிக்கொண்டால் முறுக்காமல் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினாலே விடும்.

மலைக்கு முன் மொட்டை மாடி

புது டென்டை மலையில் முதல்முறை பிரிப்பவர் இருட்டிலும் மழையிலும்தான் பிரிப்பார், அது எழுதாத விதி. தமிழ்நாட்டில் பழகிப் பார்க்க வனப்பகுதி தேட வேண்டியதில்லை. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். மொட்டை மாடி போதும். அங்கே முளை இறங்காது என்பது குறையே இல்லை, செங்கல்லை வைத்துக் கல்லுக்கட்டு பழகிக்கொள்ளலாம். கைகள் மரத்த நிலையை உண்டாக்க, பனிக்கட்டி போட்ட வாளித் தண்ணீரில் இரண்டு நிமிடம் கையை வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். மாடிக்குழாயில் ரப்பர் ட்யூபை மாட்டித் தையல்களின் மேல் கால் மணி நேரம் தண்ணீர் விட்டால் கசிவு தெரிந்துவிடும்.

காற்றுக்கு ஆடி மாதம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே உடுமலை, பல்லடம் பக்கம் இறங்கும் காற்றும், ஆரல்வாய்மொழியில் அடிக்கும் காற்றும் எந்த டென்டையும் சோதிக்கப் போதுமானவை. காற்றாலை நிறுவனங்கள் சும்மாவா அங்கே வந்து உட்கார்ந்தன? தெரிந்தவர் தோட்டம் அந்தப் பக்கம் இருந்தால் ஓர் இரவு கேட்டு வாங்குங்கள். காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்திப் பாருங்கள்: முதலில் காற்று வரும் பக்கத்து முளைகள் இரண்டு, துணியை முழுதாகப் பிரிக்காமல் பாதி சுருட்டியபடியே முட்டியால் அழுத்திக்கொண்டு, பிறகு எதிர்ப்பக்கம். பையை ஒருபோதும் துணிக்கு வெளியே வைக்காதீர்கள், அதுதான் உங்கள் இரண்டாவது ஆள்.

போகும் இடத்தின் சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். உத்தராகண்டில் புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்க அம்மாநில உயர் நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது. நேபாளம் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு ட்ரெக்கிங் பயணிகள் வழிகாட்டியோடு போக வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. மணாலியிலோ லேயிலோ வாடகைக்கு டென்ட் எடுத்தால் கடை வாசலிலேயே முழுக்க நிறுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஜிப்பை நான்கைந்து முறை இழுத்துப் பாருங்கள், முளைகளை எண்ணுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

நம் ஊரில் டென்டைக் கொல்வது மலையல்ல, பரண். பாலியூரிதேன் பூச்சு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சிதையும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இரண்டும் ஆண்டு முழுக்க உண்டு. பூச்சு பிசுபிசுத்து, துணி துணியோடு ஒட்டி, புளித்த வாடை வரும். அந்த நிலைக்கு வந்த துணியை மீட்க வழியில்லை. சிலிக்கான் பூச்சுக்கு இந்த நோய் இல்லை. கடற்கரைவாசிகள் அதையே வாங்க இது ஒரு தனிக் காரணம்.

ஊர் வந்த அன்றே நிழலில் விரித்து, தையல், மூலை, ஜிப் ஓரம் எல்லாம் காயும்வரை விட்டு, இறுகச் சுருட்டாமல் பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு அலமாரியில் வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் நாள்கணக்கில் தொங்கவிட வேண்டாம். சோப்புத்தூள், வாஷிங் மெஷின் இரண்டும் ஆகாது, சேறு இருந்தால் பச்சைத் தண்ணீரும் பஞ்சும் போதும். ஆண்டுக்கணக்கில் பரணில் கிடந்ததை நண்பர் யாராவது இரவல் தந்தால் முதலில் முகர்ந்து பாருங்கள், பிறகு தரைத்துணியை இரண்டாக மடித்து அழுத்திப் பிரியுங்கள். ஒட்டிக்கொண்டு சரசரவென்று பிரிந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.